சவரக்கத்தி இழுக்கிறதா, எரிகிறதா, கீறுகிறதா? புதிதாகப் பழகுபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மடக்கு சவரக்கத்தியைக் கையில் எடுத்தவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே "எனக்குக் கை வரவில்லை" என்று சொல்லி அதை மூடி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் கையில் இருக்காது. கத்தியின் கூரில் இருக்கும். அந்தக் கூரைக் கெடுத்தது தோல்வாரில், அதாவது கத்தியைத் தீட்டும் தோல் பட்டையில், தீட்டிய விதமாக இருக்கும். முகத்தில் தெரியும் கோளாறுக்கு முகத்திலேயே மருந்து தேடுவதால்தான் பலருக்கு விடை கிடைப்பதில்லை.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு சவரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கோணம், சோப்பு, தீட்டும் முறை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது சரியானது என்றும் தெரியாது, எது கெட்டது என்றும் தெரியாது.

சில பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தியின் தடித்த மேல்பக்கம் முதுகு, முடியை வெட்டும் பக்கம் வாய். ஒரு கோடியில் நுனி, பிடியை ஒட்டிய கோடியில் அடி. அடியைத் தாண்டி விரல்கள் உட்காரும் பகுதி தண்டு, அதன் முடிவில் வளைந்திருப்பது வால். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறதோ அது அதன் வாட்டம். வாட்டத்தோடு மழிப்பது நேர் சவரம், அதற்கு எதிராக மழிப்பது எதிர் சவரம்.

எந்தக் கோளாறானாலும் முதலில் கத்தியைச் சோதியுங்கள்

நல்ல வெளிச்சத்தில், விளக்குக்குக் கீழே, வாய் மேலே இருக்கும்படி கத்தியைப் பிடித்து மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாயில் வெளிச்சம் தங்குவதற்கு இடமே இருக்காது. எங்காவது ஒரு புள்ளியோ மெல்லிய வெள்ளைக் கோடோ மின்னினால், அங்கே வாய் உடைந்திருக்கிறது அல்லது மழுங்கியிருக்கிறது.

அடுத்தது முன்கை முடி. தோலை ஒட்டி மழித்துப் பார்ப்பதில் பயனில்லை. சுமாரான கத்திகூட அங்கே முடியை எடுத்துவிடும். தோலுக்கு அரை சென்டிமீட்டர் மேலே கத்தியை மெதுவாக நகர்த்துங்கள். எதிலும் சாயாமல் நிற்கும் முடிகளில் சிலவாவது சத்தமில்லாமல் விழ வேண்டும். நுனி, நடு, அடி என்று மூன்று இடத்திலும் பாருங்கள். ஓர் இடத்தில் விழுந்து இன்னோர் இடத்தில் முடி வளைந்து நழுவினால், கத்தி சீராகத் தீட்டப்படவில்லை. கட்டைவிரல் நகத்தில் கத்தியை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தீட்டி முடித்த வாயை அதுவே கெடுத்துவிடும், வேண்டாம்.

புதிதாக வாங்கியது என்பதால் கூராக இருக்கும் என்று எண்ணாதீர்கள். ஆலையிலிருந்து வரும் பல கத்திகள் கூர் தீட்டும் கடைசி நுண்கல்லைக் கண்டிருக்காது. சவரத்துக்குத் தயாராகத் தீட்டித் தருகிறோம் என்று விற்பவர் தெளிவாகச் சொன்னால் சரி, இல்லாவிட்டால் அனுபவம் உள்ள ஒருவரிடம் ஒருமுறை கல்லில் தீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கூரான கத்தி எப்படி ஓடும் என்று ஒருமுறை உணர்ந்தவருக்குத்தான் மழுங்கியது எது என்று தெரியும். தோல்வாரும் சோப்பும் சேர்த்து மலிவான பெட்டியாக வரும் கத்திகளில் பல மென்மையான எஃகில் செய்யப்பட்டவை. எவ்வளவு தீட்டினாலும் கூர் தங்காது. அதை வைத்துக்கொண்டு உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

முடி வெட்டுப்படாமல் இழுக்கிறது

எல்லோருக்கும் வரும் முதல் புகார் இது. எங்கே இழுக்கிறது, எப்போது இழுக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் வீச்சிலேயே, கன்னத்தின் சமமான பரப்பிலேயே இழுத்தால் அது கூர்க் குறைவு. முகத்தில் மிக எளிய இடம் கன்னம். அங்கே இழுக்கிற கத்தி மோவாயில் நிச்சயமாக வேலை செய்யாது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மீதியை வழக்கமான ரேசரில் முடியுங்கள். இழுக்கிற கத்தியை அழுத்தி ஓட்டுவதில்தான் காயங்கள் தொடங்குகின்றன.

ஒரு கன்னம் நன்றாக வந்து மறு கன்னம் இழுக்கிறதா? நுரை காய்ந்துபோயிருக்கலாம், அல்லது அந்தப் பக்கம் கத்தியின் கோணம் மாறியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, அடுத்த சவரத்தை மறு கன்னத்திலிருந்து ஆரம்பியுங்கள். இழுப்பும் இடம் மாறினால் காரணம் நுரை. இடம் மாறாமல் அதே கன்னத்தில் இழுத்தால் காரணம் கோணம்.

கோணத்தை இப்படிப் பாருங்கள். கத்தியைத் தோலில் தட்டையாகப் படுக்க வையுங்கள். பிறகு முதுகை மட்டும் மெல்லத் தூக்குங்கள். தோலுக்கும் முதுகுக்கும் நடுவில் முதுகின் கனத்தைப் போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு இடைவெளி வரும்போது ஏறக்குறைய 30 டிகிரி ஆகிவிடும். பழக அதுவே சரியான கோணம். அதற்கும் தட்டையாகப் படுத்தால் கத்தி முடியை வெட்டாமல் சாய்த்து இழுக்கும். 45 டிகிரியைத் தாண்டி நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும், மாட்டிக்கொள்ளும். புதியவர்கள் பயத்தில் கத்தியைப் படுக்க வைத்துவிட்டு, இழுக்கிறதே என்று அழுத்தவும் செய்கிறார்கள். சற்றே நிமிர்த்தி, அழுத்தத்தை விட்டுவிட்டால் போதும்.

தோல் தளர்ந்திருந்தாலும் முடி இழுபடும். மறு கையால் தோலை, கத்தி போகும் திசைக்கு எதிர்த் திசையில் இழுத்துப் பிடியுங்கள். சோப்பில் விரல் வழுக்கினால் ஈரமான படிகாரக் கட்டியில் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள், தோல் வழுக்காமல் நிற்கும். சின்ன விஷயம்தான், ஆனால் கழுத்திலும் தாடை ஓரத்திலும் இதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

கடைசியாக, முடியின் நீளம். நான்கைந்து நாள் தாடியில் பழகாதீர்கள். ஒரு நாள், இரண்டு நாள் வளர்ச்சிதான் பழக ஏற்றது. முடி இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறியிருக்க வேண்டும். ஊறிய முடி மென்மையாகி எளிதில் வெட்டுப்படும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்யச் சொல்வது அதனால்தான்.

போன வாரம் நன்றாக இருந்தது, இந்த வாரம் இழுக்கிறது

இந்தத் தலைப்பில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழகுபவர்களின் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

முடி மென்மையானது, எஃகு கடினமானது, பிறகு எப்படிக் கத்தி மழுங்குகிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, 2020-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. இருந்தும் முடி வளைந்து, சாய்ந்த கோணத்தில் வாயில் மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் வாய் துகள் துகளாகப் பெயர்கிறது. ஆகவே எவ்வளவு நல்ல கத்தியும் பயன்பாட்டில் கூர் இழக்கத்தான் செய்யும். ஆனால் அது மாதக்கணக்கில் நடக்க வேண்டியது. ஒரே வாரத்தில் நடந்தால் காரணம் முடி இல்லை, தோல்வார்.

ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் கத்தியைத் தோல்வாரில் தீட்ட வேண்டும். துணிப் பட்டையில் 20 முதல் 30 முறை, பிறகு தோலில் 50 முதல் 60 முறை போய்வருவது பொதுவான கணக்கு. முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். கல்லில் இதற்கு நேர்மாறு, அங்கே வாய்தான் முன்னே போகும். கவனக்குறைவாகத் தோல்வாரிலும் வாயை முன்னே தள்ளினால் தோல் அறுபடும், வாயும் போகும்.

கெடுக்கும் பிழைகள் நான்கு. மிகப் பொதுவானது, ஓட்டத்தின் முடிவில் கத்தியைத் திருப்பும்போது முதுகைத் தூக்கிவிடுவது. முதுகு ஒரு கணம்கூடத் தோலைவிட்டு எழக்கூடாது. ஓட்டத்தை முழுதாக நிறுத்துங்கள். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுங்கள், மணிக்கட்டைத் திருப்பாதீர்கள். முதுகின் மேலேயே கத்தி புரண்டு மறுபக்கம் படுக்க வேண்டும். படுத்த பிறகுதான் திரும்பி ஓட வேண்டும். நின்று, புரண்டு, படுத்து, பிறகு ஓட்டம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். வேகம் தானாக வரும், அதைத் தேடிப் போகாதீர்கள்.

இரண்டாவது, தோல்வார் தொய்ந்திருப்பது. தொய்ந்த தோல் வாயைச் சுற்றி வளைந்து அதை உருட்டிவிடும். விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். மூன்றாவது, அழுத்துவது. கத்தியின் எடையும், அது தோலைவிட்டு எழாத அளவுக்கு ஒரு துளி விரல் பலமும் போதும். நான்காவது, நுனியும் அடியும் சரிசமமாகத் தோலில் படாமல் போவது. தோல்வார் கத்தியின் நீளத்தைவிடக் குறுகலாக இருந்தால், ஓடும்போதே கத்தியைக் குறுக்காகவும் நகர்த்தி, அடியில் ஆரம்பித்து நுனியில் முடியுங்கள். நுனி மட்டும் இழுக்கிறது, நடு நன்றாக இருக்கிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். இரு திசையிலும் சத்தம் ஒரே மாதிரி வர வேண்டும். போகும்போது ஒரு சுருதியும் வரும்போது இன்னொன்றுமாகக் கேட்டால், ஒரு பக்கம் கத்தி சரியாகப் படியவில்லை. உட்குழிந்து மெல்லியதாகச் சாணை பிடித்த கத்திகளில் இந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும்.

கெட்டது கெட்டுவிட்டது, இப்போது என்ன செய்வது? குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பசையை, துகள் 0.5 மைக்ரான் அளவுள்ளதாக, தனியாக ஒரு துணிப் பட்டையிலோ தட்டையான தோல் பலகையிலோ மெல்லப் பூசி, அதில் 10 முறை தீட்டுங்கள். பிறகு வழக்கம்போல் சுத்தமான தோல்வார். லேசாக மழுங்கிய கத்தி இதிலேயே திரும்பி வந்துவிடும். அன்றாடம் தீட்டும் தோல்வாரில் மட்டும் பசையைப் பூசாதீர்கள், பூசினால் எடுக்க முடியாது. பசையிலும் திரும்பாத கத்திக்குக் கல்தான் வழி.

சவரம் முடிந்ததும் முகம் எரிகிறது

எரிச்சலைத் தேதி வைத்துப் பிரிக்கலாம். உடனே எரிந்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அழுத்தமோ செங்குத்தான கோணமோ காரணம். மறுநாளும் சிவந்து இருந்தால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மழித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வீச்சும் முடியோடு தோலின் மேல்படலத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். நுரை இல்லாத இடத்தில் "இதோ ஒரு முடி" என்று இரண்டாம் முறை கத்தியை வைப்பதுதான் எரிச்சலின் பெரிய ஊற்று. நுரை போன இடத்தில் கத்தி வைக்கக் கூடாது. தொட வேண்டுமானால் மறுபடி நுரை பூசுங்கள்.

எந்த இடத்தில் தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கப் படிகாரத்தைவிட நல்ல கருவி கிடையாது. முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, ஈரத்தோடு படிகாரக் கட்டியை முகம் முழுவதும் தடவுங்கள். எங்கே சுருக்கென்று எரிகிறதோ அங்கேதான் நீங்கள் அளவுக்கு மீறி மழித்திருக்கிறீர்கள். அரை நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். அடுத்த முறை அந்த இடத்தில் மட்டும் ஒரு வீச்சோடு நிறுத்துங்கள். சில சவரங்களில் முகத்தின் வரைபடமே கிடைத்துவிடும்.

கத்தி புதிதாகக் கல்லில் தீட்டி வந்ததிலிருந்து எரிச்சல் ஆரம்பித்தது என்றால் அளவுக்கு மீறித் தீட்டியிருக்கலாம். அப்போது வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். வெட்டுவது நன்றாக வெட்டும், ஆனால் முகம் தாங்காது. தீட்டியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வெட்டிவிட்டது

காயத்தின் வடிவம் காரணத்தைக் காட்டும்.

மெல்லிய நீளக் கோடு என்றால் கத்தி பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. சவரக்கத்தி வாய்க்குச் செங்குத்தான திசையில் மட்டும்தான் போக வேண்டும். காய் நறுக்குவதுபோல் நீளவாட்டில் ஒரு மில்லிமீட்டர் இழுத்தாலும் அறுத்துவிடும். கத்தியைத் தோலில் வைக்கும்போதும் எடுக்கும்போதும்தான் இது அதிகம் நடக்கிறது. வைத்த பிறகு நகர்த்துங்கள், நின்ற பிறகு எடுங்கள்.

ஊசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் பலவாக வந்தால் அழுத்தம், அல்லது தாங்காத இடத்தில் எதிர் சவரம். ஒரே இடத்தில் சின்ன ஆழமான குத்து என்றால் நுனி. சதுர நுனியுள்ள கத்தியை ஆரம்பத்தில் எடுக்காதீர்கள். வட்ட நுனி, அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம், இவை பழகுபவருக்குச் சரியான அளவு. கையில் இருப்பது சதுர நுனி என்றால், நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட்டு நடுப்பகுதியால் மட்டும் மழியுங்கள்.

சின்னக் காயத்துக்குக் குளிர்ந்த நீர், பிறகு படிகாரம். ஆழமாகப் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தக் கத்தியைத் தொடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் கத்தியை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், பிறர் கத்தியை இரவல் வாங்கவும் செய்யாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமும் அதற்குப் போதும்.

கத்தி கையிலிருந்து நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகருங்கள், கத்தி போனால் போகட்டும்.

கன்னம் நன்றாக வருகிறது, கழுத்து மட்டும் புண்ணாகிறது

கழுத்தில் முடி ஒரே திசையில் வளராது. கீழிருந்து மேலாக, பக்கவாட்டாக, சிலருக்குச் சுழியாகவும் இருக்கும். கன்னத்தில் மேலிருந்து கீழே மழித்துப் பழகியவர் அதே கையோடு கழுத்திலும் மேலிருந்து கீழே இறங்கும்போது, தெரியாமலே எதிர் சவரம் செய்துகொண்டிருப்பார். முதல் சவரத்திலேயே எதிர் சவரம் விழுந்தால் கழுத்து தாங்காது.

ஒரு நாள் மழிக்காமல் விட்டு, காய்ந்த தோலில் விரலால் நான்கு திசையிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிப் போகும் திசை வாட்டம், முள்ளாகத் தடுக்கும் திசை எதிர். இடது கழுத்து, வலது கழுத்து, தொண்டைக்குக் கீழே என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியருகே ஒட்டி வைப்பது எல்லோருக்கும் நான் சொல்லும் வழி.

தொண்டை எலும்பு துருத்தியிருப்பவர்கள் தோலை ஒரு பக்கமாக நகர்த்தி, எலும்பு இல்லாத சமமான இடத்துக்குக் கொண்டுவந்து மழிக்கலாம். எச்சில் விழுங்கினால் எலும்பு மேலே ஏறும், அந்த நேரம் கத்தி தோலில் இருக்கக் கூடாது.

மோவாயும் மேலுதடும் வரவே மாட்டேன் என்கின்றன

இவை கடைசியில் வர வேண்டியவை. முதல் சில சவரங்களில் கன்னம் மட்டும் போதும். பிறகு தாடை ஓரம், பிறகு கழுத்து, அதற்குப் பிறகுதான் மோவாய், உதடு. எதிர் சவரத்தை ஒரு மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

மோவாயில் முடி அடர்த்தி, பரப்பு வளைவு. நீள வீச்சு அங்கே நடக்காது. ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்ன வீச்சாக, ஒவ்வொன்றுக்கும் கோணத்தைப் புதிதாக வைத்துச் செய்யுங்கள். கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்துக்கொண்டால் மோவாய் கொஞ்சம் தட்டையாகும். மேலுதட்டுக்கு மூக்கு நுனியை விரலால் மேலே தூக்கி, உதட்டைக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். நுரையை இங்கே மெல்லியதாகப் பூசுங்கள், கனத்த நுரையில் கத்தி எங்கே படுகிறது என்று தெரியாது.

இடது பக்கத்துக்கு இடது கை வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்பேன். ஆரம்பத்தில் திணறினாலும், வலது கையை முகத்தின் குறுக்கே கொண்டுபோய்க் கண்ணாடியை மறைத்துக்கொள்வதைவிட அது பாதுகாப்பு. கத்தியைத் திறக்காமல் சில நாள் இடது கையில் வீசிப் பழகுங்கள்.

நுரை நிற்கவில்லை

பெரிய பெரிய குமிழியாக வந்தால் தண்ணீர் அதிகம், சோப்பு குறைவு. களிம்புபோல் ஒட்டிக் காய்ந்தால் தண்ணீர் குறைவு, சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பிரஷைச் சுழற்றுங்கள். குமிழி கண்ணுக்குத் தெரியாமல், தயிர்போல் பளபளத்து நின்றால் சரி. உப்புத் தண்ணீரில் எந்தச் சோப்பும் சரியாக நுரைக்காது, சவரத்துக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் முகம் முழுக்கப் பூச வேண்டாம். புதியவர் மெதுவாகத்தான் மழிப்பார், அதற்குள் மறுபக்கம் காய்ந்துவிடும்.

இரண்டு மூன்று நாளில் பருபோல் கட்டி எழுகிறது

முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து குத்துவதால் வருவது இது. மருத்துவத்தில் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்பார்கள். சுருட்டை முடிக்காரர்களுக்கு அதிகம். தோலை மிக இறுக்கி எதிர் சவரம் செய்தால் முடி தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படுகிறது. கையை எடுத்ததும் உள்ளே ஒளிந்து, வளரும்போது வளைந்து தோலைக் குத்துகிறது. வழவழப்பாக வர வேண்டும் என்ற ஆசைதான் இங்கே பகை. எதிர் சவரத்தை விடுங்கள், ஒரே ஒரு நேர் சவரம், தோலை அளவாக இழுத்தால் போதும். ஏற்கெனவே வீங்கியிருந்தால் சில வாரம் சவரத்தையே நிறுத்தி ஆறவிடுங்கள். நகத்தால் கிள்ளாதீர்கள். சீழ் வைத்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

துரு, கறை, உடைந்த வாய்

கார்பன் எஃகுக் கத்திக்கு ஈரம் எதிரி. துருவேறா எஃகுக்கும் வாய் அளவில் அது பொருந்தும். கழுவியதும் முதுகிலிருந்து வாயை நோக்கித் துணியால் ஒற்றுங்கள். பிறகு துணிப் பட்டையில் சில முறை ஓட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும். பிடியின் உள்ளேயும் ஆணிப் பக்கமும் நீர் தங்கும், மெல்லிய காகிதத்தைச் செருகி எடுங்கள். சில மணி நேரம் திறந்தே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். தோல் உறையிலும் நெடுநாள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நாள்தோறும் பயன்படுத்தாதவர் மினரல் எண்ணெய் ஒரு துளி தடவி வைக்கலாம்.

கத்தியின் உடலில் கறை படிந்தால் அழகுக் குறை மட்டுமே. வாயை ஒட்டிக் கரும்புள்ளி தெரிந்தால் அங்கே எஃகு அரிக்கப்பட்டிருக்கிறது, தீட்டும்போது உடையும். குழாயில் தட்டி வாய் உடைவதும் அடிக்கடி நடக்கிறது. கத்தியைக் குழாயடியில் ஆட்டாமல், ஈரத் துண்டில் நுரையைத் துடைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் ஒரு துணி விரித்து வைப்பதும் நல்லது.

பிளேடு மாற்றும் கத்தி வைத்திருப்பவர்களுக்கு

சலூனில் பார்க்கும், அரை பிளேடு செருகும் வகை. தீட்டும் வேலையே இல்லை, இழுத்தால் பிளேடை மாற்றுங்கள். ஆனால் எடை குறைவு, பிளேடின் இரு மூலையும் கூர்மை, அழுத்தத்தை மன்னிக்காது. மற்றபடி மேலே சொன்ன கோணம், வாட்டம், தோல் இழுப்பு எல்லாம் அப்படியே பொருந்தும். இதில் காயம் பட்டுப் பயந்தவர்கள், மடக்குக் கத்தியும் இப்படித்தான் என்று விலகிவிட வேண்டாம்.

எப்போது கல்?

நன்றாகத் தோல்வாரில் தீட்டுபவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல் வேண்டியிருக்கும். பசைப் பட்டையிலும் திரும்பாதபோது, அல்லது வெளிச்சத்தில் வாய் மின்னும்போது. நீங்களே செய்ய ஆசைப்பட்டால் உடனே ஆரம்பிக்காதீர்கள். சவரமே கைவராத நிலையில், தீட்டியது சரியா என்று சொல்ல உங்களிடம் அளவுகோல் இருக்காது. சவரம் வசப்பட்ட பிறகு ஒரு பழைய கத்தியில் பழகலாம். 1000 கிரிட் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்ணியதாகும்) இருபக்கச் சரிவையும் அமைத்து, 4000, 8000 என்று ஏறி, 12000-ல் முடிப்பது வழக்கமான வரிசை. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்கும் வரை கோணத்தைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். கல் சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கத்தி வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: வாயிலிருந்து முதுகை நோக்கி ஓடும் மயிரிழை விரிசல். சந்தேகம் இருந்தால் எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் எண்ணெய் மறுபடி கசிந்து நிற்கும். அப்படிப்பட்ட கத்தியைக் கல்லில் மீட்க முடியாது, முகத்தில் வைக்கவும் கூடாது. வாயில் கனத்த நாடா சுற்றி அப்புறப்படுத்திவிடுங்கள்.